காடைக்கு எந்தக் குண்டு?

"சார், எதுக்கு வேணும்னு சொன்னாத்தானே எது வேணும்னு நான் சொல்ல முடியும்?"

கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற ராஜாராம் இதே கேள்வியை மூன்றாவது தடவையாகக் கேட்டார். செங்கல்பட்டில் ஏர்கன் விற்கும் கடை அவருடையது. பின்னால் சுவரில் ஒன்பது துப்பாக்கிகள் வரிசையாகத் தொங்கின. அவற்றுக்கு மேலே 'வேட்டைக்கு அல்ல' என்று ஒரு போர்டு.

துப்பறியும் பூபாலன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று பத்து. உள்ளுக்குள் எரிச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. வாங்க வந்தவர் மாதிரி நடித்தால் கடைக்காரர் வாயைத் திறப்பார் என்பது அவருடைய யோசனை. வாயைத் திறந்த கடைக்காரர் மூடத்தான் மறுத்தார்.

"நடுவுல மடக்கி லோடு பண்ற ஸ்பிரிங் மாடல் ஒண்ணு. சிலிண்டர்ல காத்து ஏத்தி வெச்சிக்கிற மாடல் ஒண்ணு. ஸ்பிரிங்குல உதைக்கும். காத்துல உதைக்காது, ஆனா பம்பு அடிச்சே தோள்பட்டை கழண்டுடும். இதுலயும் மரக்கட்டை வெச்சது..."

"அண்ணாத்த, பொண்ணு பாக்க வந்த மாதிரி ஒண்ணொண்ணா காட்டாதீங்க" என்றாள் ஜெனிட்டா. "குண்டு சைஸ மட்டும் சொல்லுங்க."

ஜெனிட்டா பூபாலனின் உதவியாளர். கோவளத்துப் பெண். ஸ்கூட்டர் அவளுடையது, வாயும் அவளுடையது. பூபாலன் இரண்டுக்கும் பின்னால் உட்கார்ந்து போகிறவர்.

"அதான் முக்கியம்" என்றார் ராஜாராம். "ஒன் செவன்ட்டி செவன் சின்னது, நேரா போகும். டூ-டூ பெருசு, அடி பலம். ஆனா டூ-டூவுக்கு லைசன்ஸ் வேணும். என் கடையில கெடையாது."

பூபாலன் கைப்பேசியில் இருந்த படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். நேற்றிலிருந்து ஐம்பது தடவை பார்த்துச் சலித்த படம்.

நேற்று மதியம் கோவளத்தில் ஜாக்குலின் மெஸ்ஸுக்குச் சாப்பிட வந்த சென்னைக்காரர் ஒருவரின் பல்லில், மிளகுக் காடை வறுவலுக்குள் இருந்து ஓர் ஏர்கன் குண்டு கடிபட்டது. மனிதர் விவரமானவர். குண்டை இலையோரம் வைத்து, அளவு தெரியட்டும் என்று பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தையும் வைத்துப் படம் எடுத்து வனத்துறைக்கு அனுப்பிவிட்டார். சாயங்காலமே மெஸ்ஸுக்குப் பூட்டு விழுந்தது. ஜாக்குலினின் கணவன் பெஞ்சமின் வீட்டைச் சோதனை போட்டதில், கருவாடு காயப்போடும்போது காக்கா விரட்ட வைத்திருந்த ஏர்கன் சிக்கியது. போதாதா? காட்டுக் காடையைச் சுட்டு விற்றதாகக் கேஸ். இன்று மாலை ஐந்து மணிக்கு அவனை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள். இன்று வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்குள் எதுவும் நடக்காவிட்டால் பெஞ்சமின் ஜெயிலுக்குள், மெஸ் பூட்டுக்குள்.

"எங்க காடை எல்லாம் கருங்குழி பண்ணைக் காடை சார்" என்று காலையில் ஜாக்குலின் அழுதாள். "உசுரோட கூண்டுல வந்து எறங்குது. கூண்டுல கீற காடைய எவன் சார் சுடுவான்? இப்ப நாலு மாசமாத்தான் எங்களுக்கு நல்ல காலம். மிளகை வறுத்து இடிக்க ஆரம்பிச்சேன், அந்தக் கைப்பக்குவத்துக்கு ஓஎம்ஆர்லேர்ந்து கார் போட்டுகினு வராங்க. அது எவன் கண்ணையோ உறுத்திடிச்சி."

அவள் இப்படி அழ, வன அலுவலகத்தில் பிடித்து வைத்திருந்த அவள் புருஷனோ வாயே திறக்கவில்லை. சுட்டாயா என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டான். சுடவில்லையா என்று கேட்டாலும் அதே தலை, அதே குனிவு. பூபாலனின் எரிச்சலில் பாதி அவன்மேல்தான்.

ராஜாராம் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தார். நடுவில் இடுப்பு சிறுத்து உடுக்கை மாதிரி இருந்த ஈயக்குண்டு. மூக்கில் கொஞ்சம் சிவப்பு.

"மசாலா ஒட்டினுகீது" என்றார்.

பூபாலன் பெஞ்சமின் வீட்டில் கிடந்த டப்பாவிலிருந்து ஜாக்குலின் கொடுத்தனுப்பிய குண்டுகளை மேசையில் கொட்டினார். சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து, அதன் மேல் குறுக்கே வரிசையாக அடுக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்து குண்டில் நாணயம் நிறைந்தது. பிறகு பில் தாளைக் கிழித்து, படத்தில் இருந்த குண்டின் அகலத்தைக் குறித்து, படத்தில் இருந்த நாணயத்தின் குறுக்கே நகர்த்தி நகர்த்தி வைத்தார். நான்கிலேயே முடிந்துவிட்டது.

"ரூபாய்க்கு அஞ்சு பெஞ்சமினோடது" என்றார். "ரூபாய்க்கு நாலு இது."

"அப்ப இது டூ-டூ" என்றார் ராஜாராம். "அந்த ஆளு துப்பாக்கியில இது நுழையவே நுழையாது."

பூபாலனுக்குக் காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. உடனே வன அலுவலகத்துக்குப் போன் போட்டார். ரேஞ்சர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ அவர்கிட்ட இன்னொரு துப்பாக்கி இருக்கு. லைசன்ஸ் இல்லாத துப்பாக்கி. ஒளிச்சி வெச்சிருக்காருன்னு அதையும் சேத்து எழுதிக்கிறோம். ரொம்ப தேங்க்ஸ் சார்."

போனை வைத்த பூபாலனின் முகத்தைப் பார்த்து ஜெனிட்டா ஹெல்மெட்டை மாட்டினாள். "சார், ஒரு கேஸோட போனோம், ரெண்டு கேஸா ஆக்கினு வறோம். இன்னும் ரெண்டு கடை ஏறி எறங்கினா பெஞ்சமினண்ணனுக்கு ஆயுள் தண்டனை."

"வாயை மூடிக்கிட்டு வண்டியை எடு."

"எங்க?"

ராஜாராம்தான் வழி சொன்னார். செய்யூர்ப் பக்கம் சின்னையன் என்று ஒருவர். முன்பு வேட்டைக்குப் போனவர். கேஸ் வாங்கியபின் விட்டுவிட்டார். இந்த ஜில்லாவில் யார் வீட்டில் எந்தத் துப்பாக்கி என்பது அவருக்குத் தெரியும். டூ-டூ வைத்திருக்கும் வேட்டைக்காரனைப் பிடிக்க வேண்டுமானால் அவரைத்தான் பிடிக்க வேண்டும்.

ஜிஎஸ்டி ரோடு வெயிலில் தகித்தது. கருங்குழி தாண்டும்போது, மெஸ்ஸுக்குக் காடை கொடுக்கும் வேண்டா என்ற பண்ணைக்கார அம்மாளுக்குப் பூபாலன் போன் போட்டுப் பார்த்தார். "என் காடைக்குத் துப்பாக்கி எதுக்குய்யா, கைய வுட்டா புடிக்கலாம்!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள். அதிலும் ஒன்றும் தேறவில்லை.

சின்னையன் சவுக்குத் தோப்போரம் லாரியில் கட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். பூபாலன் முயல் அடிக்க ஒரு துப்பாக்கி வாங்க வேண்டும், எதை வாங்கலாம் என்று ஆரம்பித்ததும் கையை உதறினார்.

"அந்த வேலைய வுட்டு ஆறு வருஷம் ஆச்சி. எனக்கு ஒண்ணும் தெரியாது. ஃபாரஸ்ட்டுக்காரன் அனுப்பினானா உங்கள?"

பூபாலன் என்னென்னவோ கேட்டுப் பார்த்தார். மனிதர் கட்டையோடு கட்டையாக இருந்தார். மணி பன்னிரண்டே முக்கால். இருபது நிமிடம் வெயிலில் நின்று கெஞ்சியதுதான் மிச்சம். பூபாலனுக்கு யார் சட்டையையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

"வுடுங்க சார்" என்றாள் ஜெனிட்டா, ஊருக்கே கேட்கும் குரலில். "இவர எதுக்குக் கேட்டுகினு? நமக்கே தெரியாதா? முயலுக்கு சின்ன குண்டு, காடைக்கு டூ-டூ. டப்புனு ஒரே போடு."

சின்னையனின் கையில் இருந்த கட்டை பாதி வழியில் நின்றது.

"இன்னாது?"

"காடைக்கு டூ-டூ."

"எவம்மா சொன்னது உனக்கு?" கட்டை கீழே விழுந்தது. "காடை எம்மாத்தம் கீது? ஒரு கைப்பிடி. அதுல டூ-டூவ வுட்டா ரெக்க ஒரு பக்கம், காலு ஒரு பக்கம். துன்றதுக்கு இன்னா மிஞ்சும்? முயலுக்கு வேணா டூ-டூ. காடைக்கு ஒன் செவன்ட்டி செவனு, அதுவும் தலையில. ஒடம்புல பட்டா கறி கெட்டுப்பூடும்."

"சரி, தலையில சுட்டா குண்டு எங்க நிக்கும்?" என்றார் பூபாலன்.

"எங்க நிக்கும்? பூந்து போய்கினே இருக்கும். அப்பறம் தலையத்தான் வெட்டிப் போட்டுடுவோமே." சின்னையன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "காடைக் கறியில டூ-டூ குண்டு கெடைச்சா, சுட்டவன் வேட்டைக்காரனே இல்ல சார்."

பூபாலன் ஸ்கூட்டருக்குத் திரும்பி நடந்தார். வேட்டைக்காரனைத் தேடி எழுபது கிலோமீட்டர் வந்தாயிற்று. வேட்டைக்காரனே கிடையாது என்று தெரிந்துகொண்டாயிற்று. காடையைச் சுடாத குண்டு காடைக்குள் எப்படி வந்தது? இனி யாரைப் போய்க் கேட்பது?

ஜெனிட்டா ஒன்றும் பேசாமல் வண்டி ஓட்டினாள். பத்து கிலோமீட்டர் ஆயிற்று. பூபாலனுக்குச் சந்தேகம் வந்தது. இவள் பத்து கிலோமீட்டர் பேசாமல் இருந்தது கிடையாது.

கூவத்தூரில் டீக்கடை பார்த்து அவளாகவே வண்டியை நிறுத்தினாள்.

"சார், திட்டக் கூடாது."

"திட்டுவேன்."

"அப்ப கொஞ்சமா திட்டுங்க." பர்ஸிலிருந்து, பஸ் டிக்கெட்டில் சுருட்டிய ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஓர் ஈயக்குண்டு. "ரெண்டு மாசம் முன்ன எனக்கும் ஒண்ணு வந்துச்சி. ஜாக்குலினக்கா மெஸ்ஸுல. காடைக்குள்ள."

பூபாலன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். வைக்காவிட்டால் விழுந்திருக்கும்.

"காலையிலேர்ந்து இதை பர்ஸுல வெச்சிக்கிட்டா என்னை ஊர் ஊரா சுத்த விட்ட?"

"எப்படி சார் சொல்றது? சொன்னா பெஞ்சமினண்ணன்தான் சுட்டாருன்னு ஆயிடும். அவரு சுட்டதுன்னுதான் நானும் நெனச்சினு இருந்தேன். காட்டுக் காடைன்னா சும்மாவா? வெளிய சொன்னா கடைய மூடிடுவாங்கன்னு கம்முனு இருந்தேன். எங்க தெருவுல நாலு பேருக்கு மட்டும் ரகசியமா சொன்னேன்."

"நாலு பேருக்குச் சொன்னா அதுக்குப் பேர் ரகசியமா?"

"அவங்களும் ரகசியமாத்தான் சார் சொன்னாங்க."

பூபாலன் திட்டினார். கொஞ்சமாக இல்லை. டீக்கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குத் திட்டிவிட்டு, நாணயத்தை எடுத்துக் குண்டை அதன்மேல் வைத்தார். நாலில் ஒரு பங்கு. இதுவும் டூ-டூ. இதன் மூக்கிலும் சிவப்பு.

"மசாலா" என்று ஆரம்பித்து நிறுத்தினார். "ஏம்மா, அந்த வறுவல்ல மிளகாய்த்தூள் போடுவாங்களா?"

"அய்ய, அந்தக்கா மொளகாத்தூள கிட்டவே சேக்காது. சுத்தமா மிளகு. மூக்குல தண்ணி கொட்டும்."

நகத்தால் சுரண்டினார். சிவப்பு பொடியாகவில்லை, சின்னச் செதிலாகப் பெயர்ந்தது. பெயிண்ட். இரண்டு மாத இடைவெளியில் இரண்டு பேருக்கு ஒரே மாதிரிக் குண்டு. சாப்பிட வந்தவன் செய்த சதி இல்லை. அடுப்படியிலிருந்தே வந்திருக்கிறது.

"சிவப்பு பெயிண்ட் அடிச்ச எதை இந்த ஊர்ல துப்பாக்கியால சுடுறாங்க?" என்று தனக்குத்தானே முனகினார்.

ஜெனிட்டா தலையில் அடித்துக்கொண்டாள். "சார்! காலையிலேர்ந்து வேட்டைக்காரன தேடினோம். சுட்டது காடைய இல்ல, பலூன!"

மாமல்லபுரம் கடற்கரையில் அந்த நேரத்தில் ஒரே ஒரு பலூன் கடைதான் திறந்திருந்தது. பலகை முழுக்கச் சிவப்பு பெயிண்ட். பலூன்களைத் தவறவிட்ட குண்டுகள் அதில் அம்மைத் தழும்பாகக் குத்தி நின்றன. கடைக்காரர் மணி கையில் இருந்த துப்பாக்கி அவரைவிட மூத்தது.

"எங்க நைனா வாங்கினது. டூ-டூ" என்றார் பெருமையாக.

"லைசன்ஸ்?" என்றாள் ஜெனிட்டா.

"பலூனுக்கு இன்னாம்மா லைசன்ஸு?"

பூபாலன் பலகையைக் காட்டினார். "இதுல குத்தியிருக்கிற பழைய குண்டை யாராவது கேட்டு வாங்கிட்டுப் போனாங்களா?"

"வாராவாரம் ஒருத்தர் கேப்பாரு. கோவளம் பெஞ்சமின் அண்ணாத்த. ஒண்ணோ ரெண்டோ பொறுக்கினு போவாரு, தூண்டில்ல கட்டறதுக்குன்னு. ஏன் சார், அவருக்கு இன்னா ஆச்சி?"

யாரைக் காப்பாற்ற வெயிலில் அலைந்தாரோ அவனேதான். பெஞ்சமின் ஏன் வாய் திறக்கவில்லை என்பது இப்போது கொஞ்சம் புரிய ஆரம்பித்தது. புரிந்ததும் கோபம்தான் வந்தது.

நாலே கால் மணிக்கு வன அலுவலகத்தில் ரேஞ்சரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, பெஞ்சமினை உட்கார வைத்திருந்த அறைக்குள் போனார். மணியிடம் வாங்கி வந்த சிவப்பு மூக்குக் குண்டுகளை அவன் முன்னால் பெஞ்சில் கொட்டினார். பெஞ்சமின் அவற்றைப் பார்த்த பார்வையே போதுமாக இருந்தது.

"பண்ணைக் காடையைக் காட்டுக் காடைன்னு காட்ட குண்டு வெச்ச. அப்படித்தானே?"

"வெந்நீர்ல கழுவித்தான் சார் போட்டேன்" என்றான் பெஞ்சமின். நேற்றிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை அது.

"ஈயத்தைக் கழுவினா வெல்லமா ஆயிடுமா? வீட்டிலேயே டப்பா நிறைய குண்டு இருக்கே, இதைத் தேடி எதுக்கு மகாபலிபுரம் போன?"

"அது சின்னது சார். எலும்போட சேத்து முழுங்கிட்டா? டூ-டூன்னா பல்லுல படறதுக்கு முன்னயே கண்ணுல படும்."

ராஜாராமுக்கு ஒரு கணக்கு, சின்னையனுக்கு ஒரு கணக்கு. மெஸ்காரனுக்கு இப்படி ஒரு கணக்கு இருக்கும் என்று பூபாலன் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"கடையில ஈ ஓட்டினு இருந்தோம் சார். அவ தெனம் அழுவா. ஒரு தபா போட்டுப் பாத்தேன். குண்டு கெடைச்ச ஆளு ஒண்ணும் கேக்கல, என்னைப் பாத்துக் கண்ணடிச்சிட்டுப் போனான். அடுத்த வாரம் எட்டு பேர இட்டுகினு வந்தான்." பெஞ்சமின் குரலைத் தாழ்த்தினான். "அப்பத்தான் அவ மிளகை வறுத்து இடிக்க ஆரம்பிச்சா. அதுக்குத்தான் கூட்டம்னு நெனச்சிகினா. சொல்லிடாதீங்க சார். நான் உள்ள போய்க்கிறேன். சுட்டேன்னே எழுதிக்கட்டும்."

"பைத்தியமாடா உனக்கு? செய்யாத குத்தத்துக்கு—"

"பெஞ்சமினு."

வாசலில் ஜாக்குலின் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. பின்னால் ஜெனிட்டா, தடுக்க முடியாமல் போன முகத்தோடு.

ஜாக்குலின் அழவில்லை. "எத்தினி பிளேட்டுல போட்ட?"

"வாரத்துக்கு ஒண்ணு. ஒரு வாரம் ரெண்டு. பதினெட்டு இருக்கும்."

"பதினெட்டு பேருக்குத்தான் குண்டு வந்துச்சி. மத்தவங்கல்லாம் எதுக்குடா வந்தாங்க?"

அவள் திரும்பி ஜெனிட்டாவைப் பார்த்தாள்.

"நீ சொல்லு. வாரத்துக்கு ரெண்டு தபா வருவியே. எப்பலேர்ந்து? உனக்கு அது வந்தப்பறம்தானே?"

காலையிலிருந்து எல்லாருக்கும் பதில் வைத்திருந்த ஜெனிட்டா தரையைப் பார்த்தாள். பூபாலனுக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நொடியில் போய்விட்டது.

ஜாக்குலின் நேராக ரேஞ்சர் மேசைக்குப் போனாள்.

"எழுதிக்கோங்க சார். எங்க காடை பண்ணைக் காடை. எல்லாமே. எங்க வூட்டுக்காரு எந்தக் காடையையும் சுடல. குண்டு மகாபலிபுரத்து பலூன் கடையில பொறுக்கினது. நான் கையெழுத்து போடறேன்."

ரேஞ்சர் பிளாஸ்டிக் கவருக்குள் இருந்த, சென்னைக்காரர் பல்லில் கடிபட்ட குண்டை வெளிச்சத்தில் பிடித்து, பூபாலன் கொண்டுவந்ததோடு சேர்த்துப் பார்த்தார். இரண்டு மூக்கிலும் ஒரே சிவப்பு. பலூன் கடை மணிக்குக் கைப்பேசியில் போன் போட்டு அவர் சொன்னதையும் கேட்டார். பெருமூச்சு விட்டார். "இது எங்க கேஸே இல்லம்மா. சாப்பாட்டுல ஈயம் போட்டதுக்கு உணவுப் பாதுகாப்புக்காரங்க வருவாங்க, அபராதம் போடுவாங்க. இந்த விஷயம் வெளிய போனா உன் கடைக்கு எவனும் வரமாட்டான், தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

கையெழுத்தானபோது மணி ஐந்தாக நாலு நிமிடம் இருந்தது. பெஞ்சமின் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். மனைவி பக்கத்தில் நடக்கத் தைரியம் இல்லாமல் நாலடி பின்னால் வந்தான்.

கேஸில் ஜெயித்தாயிற்று. பூபாலனுக்கு ஜெயித்த மாதிரியே இல்லை.

ஸ்கூட்டரண்டை வந்து ஜாக்குலின் கையை நீட்டினாள். "அந்தக் குண்ட குடு."

ஜெனிட்டா பர்ஸைத் திறந்து பொட்டலத்தை அவள் உள்ளங்கையில் வைத்தாள். ஜாக்குலின் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் சாக்கடையில் வீசினாள்.

"பூட்டு தொறந்த அன்னிக்கு வந்து துன்னு. குண்டு இருக்காது. மிளகு மட்டும்தான். துன்னுட்டு, நல்லா கீதா இல்லையான்னு எம் மூஞ்சியப் பாத்து சொல்லு."